சுவரைப் பார்த்து இருப்பவன்

கதவு இன்னும் திறக்கவில்லை. திறந்தால் சனம் உள்ளே வரும், சனத்தோடு அவளும் வருவாள், அல்லது வராமல் விடுவாள். இரண்டில் எதை நான் விரும்புகிறேன் என்று இந்தச் சுவரோடு சாய்ந்து நின்று இவ்வளவு நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. சுவர் குளிர்கிறது. பழைய இரும்பாலை. ஒருகாலத்தில் இரும்பை உருக்கின இடத்தில் இன்றைக்குச் செக் மொழியில் பாடப்போகிறார்கள். சிறைச்சாலையைப் பற்றிய இசைநாடகம், கிட்டத்தட்ட எல்லாரும் ஆம்பிளைகள், கதாநாயகன் என்று ஒருவன் இல்லை. ஒருவன் மாறி ஒருவன் எழும்பித் தான் என்ன செய்து உள்ளே வந்தான் என்று பாடுவான், மற்றவர்கள் கேட்பார்கள் அல்லது கேட்கமாட்டார்கள், கதை அவ்வளவுதான். எழுதின கிழவர் அதை மேடையில் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார் என்று நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றில் வாசித்தேன். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டால், வேலைக்குப் போகிற ரயிலில் எனக்கு நித்திரை வராது, வேறு காரணம் இல்லை. இந்த முறை புதுவிதமாகப் போடுகிறார்கள். கதிரைகள் கிடையாது. டிக்கெட் எடுத்த சனம் கைதிகளுக்கு நடுவில், முற்றத்தில், நின்றுதான் பார்க்க வேண்டும். நாங்கள் அவர்களை உரசிக்கொண்டு நடப்போம். நாங்கள் என்றால் பாடாத கைதிகள். நிற்பதற்கும் நடப்பதற்கும் குந்தியிருப்பதற்கும் மட்டும் எடுக்கப்பட்டவர்கள். கால்விலங்கு இல்லை, கோடு போட்ட உடுப்பு இல்லை. சாம்பல் நிறச் சட்டை, விளையாட்டுச் சப்பாத்து, இன்றைய சிறை. நடிக்க வேண்டாம், சும்மா இருங்கள், அது காணும் என்று இயக்குநர் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். சும்மா இருக்க எனக்கு வரும். அதில் எனக்குப் பயிற்சி உண்டு என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பக்கத்தில் தவம் நிற்கிறான். உடுப்பிட்டிப் பெடியன், பெடியன் என்றால் நாற்பது வயது, இத்தாலியன் கடையில் பிட்சா போடுகிறான், என்னை இதற்குள் இழுத்து விட்டவன் அவன்தான். "அண்ணை, ஊரில நாங்கள் காசு குடுத்துப் படம் பார்த்தம். இஞ்ச காசும் தந்து, கதைக்காமல் நில் எண்டுறாங்கள். இதை விடுவமே?" என்றான் அன்றைக்கு. எல்லாவிதமான முகங்களும் வேண்டுமாம். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்த உடனே எடுத்துக்கொண்டார்கள். "அது எங்கட முகத்தில கள்ளம் தெரியுதோ, பசி தெரியுதோ எண்டு விளங்கேல்லை அண்ணை," என்று தவம் ரயில் முழுக்கச் சிரித்தான். இப்போது என் காதுக்குள் குனிந்து, "அக்கா வாறாதானே?" என்கிறான், என் மனுசியைத்தான். தெரியாது என்கிறேன். "வருவா. டிக்கெட்டைக் கையில குடுத்தனான். குடுக்கேக்க என்ன சொன்னவா தெரியுமே? வீட்டில பகல் முழுக்கப் போர்த்துக்கொண்டு படுக்கிற மனுசனை அங்கயாவது எழும்பி நிக்கப் பார்ப்பம் எண்டவா." சொல்லியிருப்பாள். அவளுடைய வாய். அந்த வாயில் வேறொன்றும் போன கிழமை வந்தது, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "திங்கக்கிழமை லண்டனுக்கு என்ர அக்காவிட்டப் போறன். திரும்பி வாறதுக்கு டிக்கெட் போடேல்லை." தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். நான் என்ன சொன்னேன். குளிர் உடுப்புகளை எடுத்து வையும், அங்கே மழை என்றேன். அது ஒன்றும் சொல்லாததை விட மோசம். அவள் ஆய்ந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள், பிறகு திரும்பி, சண்டை போடுகிற குரலில் இல்லை, கடைக்காரனிடம் விலை கேட்கிற குரலில் கேட்டாள்: "சோறு போடேக்க ஒருநாள், ஒரேயொரு நாள், சோத்துக் கோப்பையைப் பார்த்தனீங்களோ? காணும், போதும் எண்டு சொன்னனீங்களோ? நான் சட்டியோட கிட்ட வரச் சுவரைப் பார்ப்பியள். கலியாணம் முடிச்ச அண்டையில இருந்து அப்பிடித்தான். என்ர மூஞ்சையைப் பார்த்துச் சாப்பிட ஏலாட்டி, ஏன் கட்டினனீங்கள்?"

சுவரைப் பார்ப்பேன். உண்மைதான். அது என் கழுத்து செய்கிற வேலை. அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டால் கழுத்து தன்பாட்டில் திரும்பிவிடும், கடைசிப் பருக்கை விழுந்த பிறகுதான் மீளும். எவ்வளவு போட்டாள், முருங்கைக்காய் வந்ததா, மீன் நடுத்துண்டா தலையா, பார்க்கக்கூடாது. பார்க்கிறவன் கள்ளன். இதை எப்படி ஒரு பொம்பிளைக்குச் சொல்வது, அதுவும் கலியாணமாகி வந்த முதல் நாள், புதுச்சீலையோடு, இந்த நாட்டுக் குளிருக்குள் முதல் முதலாகச் சோறு வடித்துக் கொண்டு வந்து நிற்கிறவளுக்கு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளை என்பது மகா வசதியான சாமான். நான் வேலையால் வருகிற நேரம் அவள் வேலைக்குப் போகிற நேரம், கதவடியில் வீட்டுத் திறப்பை ஒருவர் கையில் ஒருவர் வைத்துவிட்டு, தேத்தண்ணி போத்தலில இருக்கு, சரி, பின்னேரம் மழை எண்டு ரேடியோவில சொன்னவன், சரி, என்று எங்கள் வாழ்க்கை கதவடியிலேயே நடந்துவிட்டது. நான் பகலில் படுப்பேன். படுத்தால் கதைப்பேனாம். ஒரு சனிக்கிழமை எழும்பி வர, மேசையில் கையூன்றிக்கொண்டு, "ஆர் அந்த அருளம்பலம்?" என்று கேட்டாள். ஒருத்தருமில்லை என்றேன். "ஒருத்தருமில்லாத ஆளையோ இப்பிடிக் கூப்பிடுறியள்? என்னை ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பியளோ? என்ர பேர் உங்களுக்குத் தெரியுமோ எண்டே எனக்குச் சந்தேகம்." தெரியும். யோகாம்பிகை. கலியாணப் பதிவில் எழுதியிருக்கிறேன், வைத்தியர் வீட்டில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன், தபால்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பார்த்து மட்டும் இஞ்சேர், இஞ்சாரும். அவளும் என்னை இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுகிறாள், எங்கள் பக்கத்தில் பாதிச் சனம் அப்படித்தான், ஆகையால் இது வழக்கம் என்று ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு மறைப்பு கிடைத்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இது வழக்கம் இல்லை, வேறு என்னவோ என்று. பெயர் தொண்டைவரை வரும். அதற்கு மேலே ஒரு இரும்புக் கதவு.

திறந்துவிட்டார்கள். சனம் வருகிறது. பெரிய மழைக்கோட்டுகள், வாசனைத் தைலம், தாழ்ந்த குரல்கள், கோயிலுக்குள் வருகிற மாதிரி வருகிறார்கள், எங்களைக் கண்டதும் வழி விடுகிறார்கள், பிறகு வழி விட்டதற்கு வெட்கப்படுகிறார்கள். ஒரு கிழவி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். நான் சிரிக்கக்கூடாது. நான் தேடுகிறேன். பச்சைக் கோட்டு, நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் பெரிய பை. அவள் எங்கே போனாலும் அந்தப் பை, அதற்குள் குடை, தண்ணீர், பனடோல், யாருக்காவது தேவைப்படும் என்று ஒரு பிஸ்கட் பைக்கற். இல்லை. விளக்கு மங்குகிறது, வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்குகின்றன. நல்ல சங்கீதம் என்று இதைச் சொல்லமாட்டேன், வெளிநாட்டுச் சங்கீதம் ஒன்றும் முறையாகப் படித்தவனில்லை, ஆனால் இதற்குள் சங்கிலி கிலுங்குகிறது. நிசமாகவே கிலுங்குகிறது, உடுப்பில் இருந்து கழற்றிய விலங்கை வாத்தியத்துக்குள் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும்போது என் குதிக்காலில் ஒரு குளிர் ஏறும். மேலே பலகையில் பாட்டின் கருத்து ஜெர்மன் எழுத்தில் ஓடுகிறது. ஒருத்தன் தான் கொன்றவளைப் பற்றிப் பாடுகிறான். அவனுக்குச் சொல்ல ஒரு குற்றமாவது இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இருக்கவில்லை, ஊரில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள், இறக்கினார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறகு தெற்கில் ஒரு சிறை அறை. நான் என்ன செய்து உள்ளே போனேன் என்று யாராவது பாடச் சொன்னால் ஒரு வரி தேறாது. அங்கேயும் சனம் நெருக்கமாகத்தான் நின்றது, ஆனால் ஒருவரிலும் வாசனைத் தைலம் மணக்கவில்லை. பச்சைக் கோட்டு. தூணுக்குப் பக்கத்தில். இல்லை, அது வேறு யாரோ, மயிர் வெள்ளை. அல்ல, அவளேதான். தலைக்குச் சாயம் பூசுவதை எப்போது விட்டாள். நான் எப்போது கடைசியாகப் பார்த்தேன்.

அந்த அறைக்குள் சோறு தட்டத்தில் வரும், ஒரு தட்டம், இவ்வளவு பேருக்கு என்று கணக்கில்லாமல் ஒரு குவியல். முதல் நாட்கள் அடிபாடு. தகப்பன் வயதுக்காரனின் கையை மிதித்துப் பிடுங்கியிருக்கிறார்கள். பிறகுதான் அருளம்பலம் வந்தார். கொடிகாமத்தில் பஸ் கண்டக்டர், கன்னத்தில் தழும்பு, கொண்டு வரும்போதே ஒரு பல் இல்லை, பல் இல்லாத இடத்தால் சிரிப்பார். வந்த அன்றைக்கே, "இதென்னடாப்பா, கடைசி பஸ்ஸுக்கு ஏறுற மாதிரி ஏறுறியள்? எல்லாருக்கும் இடமிருக்கு, வரிசையில வாங்கோ," என்று சொல்லித் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். விரலால் குவியல் குவியலாகப் பிரித்தார். பிரித்தால் மட்டும் காணாது, எது பெரிசு எது சின்னன் என்று கண்கள் அளக்கும். அதனால் ஒருவன் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். என்னைக் காட்டினார், ஏன் என்னை என்று தெரியாது, சுவருக்குக் கிட்ட நான் இருந்தேன், அதாக இருக்கலாம். அவர் ஒரு குவியலில் விரலை வைத்து, இறங்குகிற ஆளைக் கேட்கிற அதே இழுவையோடு "ஆருக்கு?" என்பார். நான் சுவரைப் பார்த்தபடி ஒரு பெயரைச் சொல்வேன். எந்தக் குவியல் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயர்க்காரன் எடுப்பான். அடுத்தது ஆருக்கு. ஒருநாளும் சண்டை வரவில்லை அதன்பிறகு. நான் தராத ஒன்றுக்காக அவனவன் என்னை வாழ்த்தினான், "நல்லாத் தந்தாய் இண்டைக்கு," என்று முதுகில் தட்டுவான், நான் என்னத்தைத் தந்தேன். எல்லாரும் எடுத்து முடிந்ததைக் காதால் அறிவேன்: வெறும் தட்டத்தை அருளம்பலம் சீமெந்தில் இழுப்பார், வெறும் தட்டம் கிணீர் என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டபிறகு நான் திரும்பலாம். கதவடியிலும் பெயர் கூப்பிடுவார்கள். அது வேறு கூப்பிடுதல். காவல்காரன் கடதாசியைப் பார்த்து எங்கள் பெயர்களை நொறுக்கி வாசிப்பான், வாசிக்கப்பட்டவன் எழும்பிப் போக வேண்டும், சிலர் பின்னேரம் வருவார்கள், சிலரைத் தாங்கிக்கொண்டு வந்து போடுவார்கள், சிலர் வருவதேயில்லை. ஒரு விடியல் அருளம்பலத்தை வாசித்தான். அவர் எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சில்லறையை மாத்தி வையுங்கோ, வாறன்," என்று பல்லில்லாத சிரிப்போடு போனார். அன்று சோறு வர வேறொருவன் பிரித்தான், ஆருக்கு என்று கேட்டான், நான் வழமையாகச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனேன், பேர் பேராக, வாய் பழக்கத்தில் ஓடுகிறது, கடைசியாக அருளம்பலம் என்றேன். பிரித்தவனும் பழக்கத்தில் அவருக்கும் ஒரு பங்கு பிரித்திருந்தான். ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. ஒருவரும் எடுக்கவுமில்லை, அவ்வளவு பசிக்குள்ளும். நான் தட்டத்தின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. காத்துக்கொண்டேயிருந்தேன், விளக்கை அணைக்கும்வரை. விடிய, எடுக்காத பங்கில் எறும்பு. அதற்குப் பிறகு என் வாயில் பேர் வரவில்லை, சுவருக்கு வேறு ஆளைப் போட்டார்கள். ஆனால் கழுத்து, கழுத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை, அது இன்னும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது, யோகாம்பிகையின் குசினியில், முருங்கைக்காய்க் குழம்பு மணத்துக்குள்.

இது முழுவதையும் தவத்துக்குச் சொன்னேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒத்திகை இடைவேளையில் பனிசுப் பைக்கற்றைப் பிரித்து வைத்துவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பி நிற்க, "என்ன அண்ணை, ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டே?" என்று அவன் பகிடி விட்டான். கோப்பி ஆற முந்திச் சொல்லி முடித்துவிட்டேன். அவளுக்கு இவ்வளவு காலம் சொல்ல ஏலாததை ஒரு பிட்சாக்காரனுக்கு, பேப்பர் குவளையைப் பிடித்துக்கொண்டு. கேட்ட பிறகு தவம் பகிடி விடவில்லை. குவளையைக் கசக்கி, "அக்காவுக்குத் தெரியுமே?" என்றான். நான் மற்றப் பக்கம் பார்த்தேன். "அதானே, மற்றப் பக்கம்தானே பார்ப்பியள்," என்றான் மெதுவாக. இப்போது விசில். அந்த விசிலுக்கு நாங்கள் குந்த வேண்டும், சாப்பாட்டுக் காட்சி. தட்டத்தில் ஒரு முழுப் பாண் வரும், எப்படியும் பிய்த்துச் சாப்பிடலாம், ஒழுங்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் எங்கள் வட்டத்தில் போலந்துக்காரன் ஸ்டெஃபான்தான் பிய்ப்பான், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவன், கத்தி போலக் கை. நான் ஒரு துண்டை வாங்கி நிலத்தைப் பார்த்துச் சாப்பிட்டுவிடுவேன். இன்றைக்கு ஸ்டெஃபானுக்குக் காய்ச்சல், வட்டத்தில் மெஹ்மெத், யூர்கன், தவம், நான் மட்டும். தட்டம் தவத்தின் முன்னால் வந்து நிற்கிறது. சனம் எங்களைச் சுற்றிக் குனிந்து பார்க்கிறது. பச்சைக் கோட்டு தூணை விட்டுக் கிட்ட வந்துவிட்டது, சப்பாத்தின் நுனி தெரிகிறது, இடது சப்பாத்தின் வார் அறுந்து ஊசியால் குத்தியிருக்கிறாள், அதையும் நான் தைத்துக் கொடுக்கவில்லை. தவம் பிய்க்கிறான். பிய்த்து ஒவ்வொன்றாகத் தட்டத்தில் அடுக்குகிறான், இப்படி அவன் ஒருநாளும் அடுக்கவில்லை, என்ன செய்கிறான் இவன். அடுக்கிவிட்டு என்னைப் பார்க்கிறான். சுவரைப் பார்க்கிறான். திரும்ப என்னைப் பார்க்கிறான்.

திரும்பி இருந்துவிட்டேன். யோசிக்கவில்லை, கழுத்துதான். முகத்துக்கு முன்னால் சுவர், இரும்புத் துரு வழிந்த கோடுகள், பின்னால் ஆம்பிளைகள் அத்தனை பேரும் சேர்ந்து பாடுகிறார்கள், சங்கிலி கிலுங்குகிறது, அதற்குள் தவத்தின் குரல், உடுப்பிட்டிக் குரல், "ஆருக்கு?" என் தொண்டையில் இரும்புக் கதவு. பாடாத கைதி கதைக்கக்கூடாது. "அண்ணை. ஆருக்கு?" மெஹ்மெத்துக்கு என்றேன். என் குரல்தானா. பக்கத்தில் அசைவு, ஒரு கை எடுக்கிறது. "ஆருக்கு?" யூர்கனுக்கு. சொல்லச் சொல்லக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, கறள் பிடித்த சத்தத்தோடு. தவத்துக்கு. எனக்கு, என் துண்டை அவன் என் சப்பாத்தடியில் வைத்தான். முடிந்தது, நாங்கள் இன்றைக்கு இவ்வளவு பேர்தான், இனித் தட்டம் கத்த வேண்டும், கத்தட்டும், திரும்பிவிடுகிறேன். கத்தவில்லை. பாட்டு தணிகிறது. தவம் மூச்சு விடுவது கேட்கிறது. "அண்ணை, ஸ்டெஃபானுக்கும் சேர்த்துப் பிச்சிட்டன். பழக்கத்தில." பிறகு, இன்னும் மெதுவாக, "இது ஆருக்கு?"

அருளம்பலம் என்று நாக்கு எழும்பிவிட்டது. சாரத்தை இறுக்கிக் கட்டுகிறார். சில்லறையை மாத்தி வையுங்கோ. எறும்பு. அந்தப் பெயரைச் சொன்னால் தட்டம் கத்தாது, இன்றைக்கும் கத்தாது, திங்கட்கிழமையும் கத்தாது, நான் இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு, யாரும் சட்டியோடு கிட்ட வராத குசினியில் சுவரையே பார்த்துக்கொண்டு. வேறு பெயர். இருக்கிற ஆளின் பெயர். வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து ஒரேயொரு வயலின் மட்டும் நூல் மாதிரி ஓடுகிற இடத்தில், எல்லாருக்கும் கேட்கும் என்று தெரிந்தும், "யோகாம்பிகைக்கு," என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சனம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இதுவும் நாடகம் என்று நினைத்திருக்கும். வயலின் போய்க்கொண்டேயிருக்கிறது. சுவரில் துரு, ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து கீழே திரும்பச் சேர்கிறது. அவள் போயிருப்பாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடிக்கு. இந்தச் சபைக்கு முன்னால் எதற்குக் கூப்பிட்டேன், வீட்டில் கூப்பிட்டிருக்கலாமே, எத்தனை பின்னேரம். ஊசி குத்திய சப்பாத்து சீமெந்தில் ஒருமுறை தேய்ந்தது. கிட்டவா தூரமா. பிறகு தட்டம், சீமெந்தில், கிணீர் என்று கத்தியது.

திரும்பினேன். அவள் எங்கள் வட்டத்துக்குள் குந்தியிருந்தாள், பச்சைக் கோட்டு நிலத்தில் புரள, மடியில் பை, கையில் பாண். ஒரு கடி கடித்திருந்தாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள், மெல்லுவது கஷ்டமாக இருந்தது அவளுக்கு, அந்தப் பாண் நேற்றையது. விழுங்கி முடித்த பிறகு, மேலே ஓடுகிற எழுத்தையோ சுற்றி நிற்கிற சனத்தையோ கவனியாமல், அன்றைக்கு எங்கள் மேசையில் கையூன்றிக்கொண்டு கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆர் அந்த அருளம்பலம்?"

விசில் ஊதிவிட்டது. கைதிகள் எழும்புகிறார்கள், தவம் எழும்பி என் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறான், வரிசை என்னைத் தாண்டிச் சுவரோரமாக நகர்கிறது.

"பஸ் கண்டக்டர்," என்றேன். "கொடிகாமத்து ஆள்."

அவள் பையைப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். நான் எழும்பவில்லை.